ஜெல்லில் ஒரே கோடு, செல்லில் இவ்வளவு டிஎன்எஃப்: எந்த எச்எஸ்பி70-ஐ நம்புவது?

இரண்டாமாண்டு_ஆய்வு:
மனித எச்எஸ்பி70-ஐ (சூடு போன்ற நெருக்கடியில் செல்லின் மற்ற புரதங்களைக் காக்கும் புரதம்) ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, நிக்கல் காலமில் பிரித்தெடுத்தேன். டிஎச்பி-1 மேக்ரோஃபேஜ்களில் (நோயெதிர்ப்பு செல்கள்) 1 மைக்ரோகிராம் போட்டாலே, அளந்து பார்க்கும் எலைசா தட்டு பளிச்சென்று மஞ்சளாகிறது, அவ்வளவு டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியைத் தூண்டும் புரதம்). ஆனால் விலைக்கு வாங்கிய அதே புரதத்துக்குச் செல்கள் அசையவே இல்லை. என்னுடையது ஜெல்லில் 70 கிலோடால்டன் அருகே ஒரே கோடு. வாங்கியதுதான் கெட்டுவிட்டதா? கைடு பேப்பர் எழுதத் தொடங்கச் சொல்கிறார்.

பைப்பெட்காரன்:
குப்பியைத் திறக்கும் முன் ஸ்பின் செய்தீர்களா? உறைந்து உலர்ந்த பொடி பாதி மூடியிலேயே ஒட்டியிருக்கும். எத்தனை முறை உருக்கி உறைய வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

நீலக்கோடு:
தம்பி, இப்போதைக்கு எதுவும் எழுதாதீர்கள். வேறொரு புரதத்தோடு எட்டு மாதம் இதே வழியில் போய், கடைசியில் எல்லாப் படங்களையும் தூக்கிப் போட்டவள் நான். உங்களுக்கு அது வேண்டாம்.

ஜெல்லுக்குப் போடும் கூமாசி நீலச் சாயம் புரதத்தில்தான் ஏறும். ஈ. கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின், அதில் தெரியாது. ஜெல்லில் அழகான ஒரே கோடு இருக்கும், அதே குப்பியில் எண்டோடாக்சினும் இருக்கும். மேக்ரோஃபேஜுக்கு மில்லிக்கு ஒரு நானோகிராம் எல்பிஎஸ்ஸே தாராளம்.

உங்கள் புரதத்திலேயே இது நடந்திருக்கிறது. எச்எஸ்பி70 டிஎன்எஃப்பைத் தூண்டுகிறது என்று பல பேப்பர்கள் வந்தன. 2003-இல் காவோ, சான் என்ற இரு ஆய்வாளர்கள் எல்பிஎஸ் மிகக் குறைவான எச்எஸ்பி70-ஐப் போட்டுப் பார்த்தார்கள், தூண்டுதல் இல்லை. கொதிக்க வைத்தால் விளைவு போய்விடுகிறது, ஆகவே அது புரதத்தின் வேலைதான் என்ற வாதமும் அங்கே அடிபட்டது. அந்தக் குறைந்த அளவில் எல்பிஎஸ்ஸும் சூட்டில் செயலிழந்தது.

நாளைக்கே, எல்பிஎஸ்ஸைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி சேர்த்து ஒரு வரிசை ஓட்டுங்கள். பக்கத்தில் வெறும் எல்பிஎஸ் ஒரு வரிசை. எண்டோடாக்சினை அளக்கும் லால் சோதனையும் அவசியம். வாங்கிய புரதம் உயிரோடு இருக்கிறதா என்பதை டிஎன்எஃப்பை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உடைக்கிறதா என்று பாருங்கள். எச்எஸ்பி70-இன் சொந்த வேலை அதுதானே.

இரண்டாமாண்டு_ஆய்வு:
அக்கா, ஓட்டிப் பார்த்தேன். பாலிமிக்சின் வரிசையில் மஞ்சளே இல்லை. வாங்கியது ஏடிபியை நன்றாகவே உடைக்கிறது. என் புரதத்தை இனி காப்பாற்ற முடியுமா?

நீலக்கோடு:
முடியும். புரதம் காலமில் ஒட்டியிருக்கும்போதே 0.1 சதவீத டிரைட்டன் எக்ஸ்-114 (எல்பிஎஸ்ஸை அகற்றும் சோப்பு போன்ற பொருள்) கலந்த பஃபரை 4 டிகிரியில் நிறைய விட்டுக் கழுவுங்கள். வெளியே வைத்தால் அது பால்போலக் கலங்கிவிடும், குளிர் அறையை விட்டு எடுக்காதீர்கள். அப்புறம் டிரைட்டன் இல்லாத பஃபரால் பொறுமையாகக் கழுவி, அதன் பிறகு புரதத்தைக் காலமிலிருந்து விடுவிக்க இமிடசோல் விடுங்கள். சிறு குப்பிகளில் பிரித்து அலிகாட் போடும் முன் மறுபடியும் லால். கைடிடம் முதல் தட்டையும் பாலிமிக்சின் தட்டையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள்.