அமெச்சூர் ஆட்டக்காரருக்கு என்ன சொல்? (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுதி ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாட்டிக்கொண்ட இடம் கிரிக்கெட் வீரர் ராபர்ட் பூர். 1866இல் டப்ளினில் பிறந்தவர், ஏழாம் ஹுஸார் குதிரைப்படை அதிகாரி. 1899இல் டான்டன் மைதானத்தில் சாமர்செட் அணிக்கு எதிராக ஹாம்ப்ஷயர் அணிக்கு (இரண்டும் இங்கிலாந்து மாவட்ட அணிகள்) 304 ஓட்டம் எடுத்தார். கேப்டன் வின்யார்டுடன் சேர்ந்து ஆறாவது விக்கெட்டுக்கு மட்டும் 411. அந்தப் பருவத்தில் அவர் சராசரி 91.23, பிராட்மன் 1930இல் வரும்வரை இங்கிலாந்தில் அதை யாரும் தாண்டவில்லை. இவ்வளவும் தமிழில் வந்துவிட்டது. பூர் ஓர் அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவர்; அந்த ஒற்றைச் சொல் மட்டும் வர மறுக்கிறது. 'பயில்முறை ஆட்டக்காரர்' என்றால் கற்றுக்குட்டி என்று பொருள்படுகிறது. 'தொழில்முறை சாராதவர்' என்றால், படைத்தொழிலில் சம்பளம் வாங்கியவரையா சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

க.மு.

---

தங்கை க.மு. அவர்களுக்கு,

மூலத்துக்குப் போனால் சிக்கல் தீரும். இலத்தீனில் அன்பு செய்தல் என்பதே இச்சொல்லின் வேர். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று தொல்காப்பியர் உரியியலில் மூன்று சொற்களை நமக்காக எடுத்து வைத்திருக்கிறார். நசை என்றால் விருப்பம். நசை + ஞர் = நசைஞர். கவிஞர், கலைஞர் போல. மேவுநர் என்றும் ஆக்கலாம். 'மேவலர்' பகைவரைக் குறிப்பதால் 'மேவுநர்' நண்பரையும் குறித்துவிடும் என்ற தடை உண்டு. அதற்கு விடை தனி மடலில் தருகிறேன்.

புலவர் சொ.

---

புலவரையா, அந்தத் தனி மடல் வேண்டாம். நசை என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர் பரிசில் நசையோடு வாயிலில் நிற்கும் பாணர். காசுக்கு ஆடாதவரைச் சொல்ல காசை எதிர்நோக்கியவரின் சொல்லா? பழைய சொல்தான் வேண்டுமென்றால் புறநானூறு 208 இருக்கிறது. தன்னை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளை மறுத்த பெருஞ்சித்திரனார், 'யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். அமெச்சூர் பேசும் பேச்சு அதுதான். இருந்தும் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'வாணிகப் பரிசிலர் அல்லாதார்' என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

தே.ரா. (ஆசிரியை)

---

நண்பர்களே, அன்பும் நசையும் இருக்கட்டும். அன்றைய இங்கிலாந்தில் இது சாதிப் பெயர் போன்ற ஒன்று. ஆட்டப் பட்டியலில் அமெச்சூருக்குப் பதவியோ முதலெழுத்தோ முன்னால் நிற்கும்: மேஜர் ஆர்.எம். பூர். கூலி வாங்குபவருக்கு வெறும் குடும்பப் பெயர். உடை மாற்றும் அறை வேறு. பல இடங்களில் மைதானத்துக்குள் இறங்கும் வாசலும் வேறு. அதே ஹாம்ப்ஷயர் அணியில் விக்டர் பார்ட்டன் இருந்தார். அவரும் படைவீரர்தான், பீரங்கிப்படையில் பம்பார்டியர். பூர் அதிகாரி, ஆகவே கனவான். பார்ட்டன் கீழ்நிலை வீரர், பிறகு சம்பளத்துக்கு ஆடியவர்.

1896இல் லண்டன் ஓவல் மைதானத்து டெஸ்டுக்குப் பத்து பவுண்டு போதாது, இருபது வேண்டும் என்று ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். மூவர் இறங்கிவந்தனர், லோமனும் கன்னும் ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் நம் வின்யார்ட் அமெச்சூராக ஆடினார். இங்கிலாந்து அணித்தலைவர் டபிள்யூ.ஜி. கிரேஸும் அமெச்சூர்தான்! முந்திய ஆண்டு அவருக்காகத் திரட்டிய நிதி ஏறத்தாழ 9,000 பவுண்டு. எனவே 'கனவான் ஆட்டக்காரர்' என்பதே நேர்மையான சொல். இந்தப் பாகுபாடு 1962இல்தான் ஒழிந்தது.

வெ.ந.

---

கனவான் வடசொல். 'கனம்' வேண்டாமென்றுதானே இத்தனை ஆண்டுகள் போராடினோம்? 'பெருந்தகை' இருக்கிறது. மேலும், கூலி என்பதை இழிவாக எழுதியிருக்கிறீர்கள். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற வள்ளுவர் கூசவில்லையே! பார்ட்டனைக் கூலியாட்டர் என்றும் பூரைக் கூலியிலார் என்றும் சொல்லலாம்.

புலவர் சொ.

---

ஐயா, 'கூலியிலார்' என்றால் சம்பளப் பாக்கி என்று நினைப்பார்கள். 'பெருந்தகை பூர்' என்றால் மணிவிழா மலர்.

தே.ரா.

---

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பத்தரை. 'ஊதியம் பெறா ஆட்டக்காரர்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'அன்று அமெச்சூர் எனப்பட்ட' என்று சேர்த்துவிட்டேன். தனிமடலில் நால்வர் சரி என்றார்கள். இருவர் 'எதையாவது போடுங்கள்' என்றார்கள். பார்ட்டன் பற்றிய வரியையும் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன், வெ.ந. அண்ணா.

க.மு.

---

அடிக்குறிப்புக்கு மகிழ்ச்சி. சொல்லுக்கு உடன்பாடில்லை. கிரேஸ் கட்டுரையிலும் 'ஊதியம் பெறா' என்றுதான் போடப்போகிறீர்களா?

வெ.ந.

---

வள்ளுவத்தில் ஊதியம் என்பது ஆதாயம், சம்பளம் அன்று. 'ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற இடத்தைப் பார்க்க. அப்படியானால் பூர் ஆதாயமே பெறாத ஆட்டக்காரர் ஆகிறார், 304 அடித்த பிறகும். மேவுநர் குறித்த விளக்கத்தைப் பொதுமடலிலேயே நாளை அனுப்புகிறேன்.

புலவர் சொ.