'நான் செய்ய மாட்டேன், நீ செய்யலாம்': கடவுள் நம்பிக்கையுள்ள இளைஞர்களோடு உங்கள் அனுபவம்?

வகுப்பறை மூலை (இழையைத் தொடங்கியவர்):

முதலாண்டு மாணவர்களுக்கு மருத்துவ அறவியல் பாடம் எடுக்கிறேன். எட்டு வருடமாகிறது. ஆரம்பத்தில் "கருக்கலைப்பு சரியா, தவறா?" என்று நேராகவே கேட்பேன். வகுப்பு பட்டிமன்றமாகிவிடும், யார் குரல் ஓங்கியதோ அவர் ஜெயித்த மாதிரி. இப்போது ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து நடுவில் கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கம்: இந்த நிலை எனக்கே வந்தால் என்ன செய்வேன். வலப்பக்கம்: இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் சட்டம் அவரைத் தடுக்க வேண்டுமா. பெயர் எழுத வேண்டாம். விருப்பமிருந்தால் பிறகு எழுந்து பேசலாம்.

அந்தக் கோடு போட்ட பிறகுதான் பிள்ளைகளை எனக்குப் புரிய ஆரம்பித்தது. பக்தியான பிள்ளை என்றால் இரண்டு பக்கமும் 'கூடாது' என்றுதான் எழுதும் என நினைத்திருந்தேன். அப்படி எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களைச் சுலபமாக ஒதுக்கிவிடவும் முடியாது. "கரு ஓர் உயிர்னு நான் நிஜமாவே நம்பினா, 'எனக்கு வேண்டாம், உனக்கு உன் இஷ்டம்'னு சொல்றது எப்படி சார் நேர்மையாகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அவளோடு ஒரே ஆலயத்துக்குப் போகிற தோழி எழுந்து, தான் இடப்பக்கம் 'மாட்டேன்' என்றும் வலப்பக்கம் 'தடுக்கக் கூடாது' என்றும் எழுதியதாகச் சொன்னாள். அதற்கும் காரணம் நம்பிக்கைதான். கடவுளே மனுஷனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கும்போது அதைப் போலீஸ் வந்து பிடுங்குவானேன் என்றாள்.

இன்னொரு நாள் ஒருவன், "எல்லா மதமும் கரு உண்டான நொடியிலிருந்தே முழு உயிர்னுதான் சொல்லுது" என்றான். கத்தோலிக்கத் திருச்சபை அந்த நொடியிலிருந்தே காக்க வேண்டும் என்கிறது, உண்மைதான். ஆனால் யூதர்களின் மறைநூலான தால்மூது 40 நாள் வரை அதை வெறும் நீராகக் கருதுகிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பலர் 120 நாள் கழித்தே ரூஹ் (ஆன்மா) ஊதப்படுகிறது என்பார்கள். இதைச் சொன்னதும் அவன் முகத்தில் வந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். யார் சொன்னது சரி என்ற தீர்ப்பு இங்கே வேண்டாம்.

அமானிதம்:

எனக்கு 22 வயது. அத்தாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருந்தார். சித்தப்பா தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று முன்வந்தபோது, வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். உறுப்பு தானம் ஹராம் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. ஆனாலும் எனக்கு அது 'தெரிந்திருந்தது'. உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், அதை வெட்டிக் கொடுக்க நாம் யார் என்ற எண்ணம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமியே நிபந்தனைகளோடு கூடும் என்று சொல்லியிருக்கிறது, விற்பதுதான் கூடாது என்றார். பிறகு என் வார்த்தையையே எடுத்துக்கொண்டார்: "அமானிதமா வந்த பொருளை வச்சு ஓர் உயிரைக் காப்பாத்தினா, ஒப்படைச்சவன் கோவிச்சுக்குவானா தம்பி?"

கதை அத்தோடு முடியவில்லை. அப்புறம் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சிங்கப்பூரில் 1987இல் வந்த சட்டப்படி, உயிரோடிருக்கும்போது மறுப்புத் தெரிவிக்காத ஒருவர் விபத்தில் இறந்தால் அவர் சிறுநீரகத்தை எடுக்கலாம் என்று இருந்தது. முஸ்லிம்களுக்கு அதில் விலக்கு இருந்தது. 2008இல் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். இதை நண்பர்களிடம் சொன்னதும் ஒருவன், விலக்குதான் நமக்கான உரிமை, அதை விட்டிருக்கக் கூடாது என்றான். இன்னொருவன், வாங்கும்போது மட்டும் வரிசையில் நிற்போம், கொடுக்கும்போது ஒதுங்குவோமா என்று கேட்டான். இரண்டு பேரும் ஐந்து வேளை தொழுகிறவர்கள்.

நான் கொடையாளராகப் பதிந்துவிட்டேன். ஆனால் நானே 'தருகிறேன்' என்று சொல்வதும், நான் சும்மா இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொள்வதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. அந்த உறுத்தல் மார்க்கத்திலிருந்து வருகிறதா, என் உடம்பு என் உரிமை என்கிற எண்ணத்திலிருந்து வருகிறதா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல வராது.

திரிசங்கு:

சார் போட்ட கோட்டில் எனக்கு இரண்டு பக்கமும் தலைகீழ்.

நான் சோதனைக் குழாய்க் குழந்தை. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவளும்கூட. 17 வயதில் மறைக்கல்வி வகுப்பில்தான், 1987இல் வத்திக்கான் வெளியிட்ட 'டோனும் வீத்தே' ஆவணம் பற்றிச் சொன்னார்கள். குழந்தை தம்பதியரின் இணைவில் உருவாக வேண்டும், ஆய்வுக்கூடத்தில் அல்ல என்பது திருச்சபையின் நிலை. பக்கத்தில் இருந்த பையன், "அப்போ அப்படிப் பொறந்தவங்க?" என்று கேட்டுவிட்டான். நான் நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்தேன். எந்த வழியில் வந்தாலும் பிறந்த குழந்தையைக் கடவுளின் கொடையாகவே ஏற்க வேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது என்றார் ஆசிரியர். நல்ல பதில்தான். எனக்குத்தான் அது போதவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "நாலு கரு உண்டாச்சு. ரெண்டு வச்சாங்க. நீ தங்கினே." மீதி ரெண்டு? அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள்.

சட்டம் தடுக்க வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன். தடுத்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஆனால் எனக்கே குழந்தை தரிக்காமல் போனால் இந்தச் சிகிச்சைக்குப் போவேனா? போனாலும் ஒரே ஒரு கருவை மட்டும் உருவாக்கச் சொல்வேன் என்று தோன்றுகிறது. அதனால் வாய்ப்பு குறையும், செலவு கூடும் என்று மருத்துவம் படிக்கும் தோழி திட்டுகிறாள். அந்த மீதி இரண்டைப் பற்றி யோசிக்க எனக்குத் திருச்சபை தேவைப்பட்டதா, இல்லை அம்மாவின் மௌனமே போதுமா? தெரியவில்லை.

கடைசி பெஞ்ச்:

நம்பிக்கையுள்ளவர்களை மட்டும் ஏன் கூப்பிடுகிறீர்கள்? நான் கடவுள் இல்லை என்கிற ஆள். 2018 நவம்பரில், கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள் என்று சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் அறிவித்தாரே (அடுத்த வருடம் அவருக்கு மூன்றாண்டு சிறை), அன்று எங்கள் விடுதி அறையில் ராத்திரி முழுக்கச் சண்டை. "இயற்கையோட விளையாடக் கூடாது" என்று கத்தியவன் நான். பைபிளோடு தூங்குகிற என் அறைத்தோழன், "நோயைத் தீர்க்க அறிவைக் கொடுத்ததே கடவுள்தானே? ஆனா இது நோயைத் தீர்க்கலை. ஆரோக்கியமான கருவுல கை வச்சிருக்கார், சம்மதமும் சரியா வாங்கலை" என்று வரி வரியாகப் பிரித்துப் பேசினான். விடியும்போதுதான் உறைத்தது, 'இயற்கை' என்ற சொல்லை நான் கடவுள் மாதிரியே பயன்படுத்தியிருக்கிறேன். அவனிடம் இதை நான் ஒப்புக்கொண்டது கிடையாது. இங்கே சொல்கிறேன்.

கண்ணும் தொடையும்:

சின்ன விஷயம். கண்தான முகாமில் தொண்டு செய்தபோது, 19 வயதுப் பையன் ஒருவன் சிபிச் சக்கரவர்த்தி கதையைச் சொல்லிப் படிவத்தை நிரப்பினான். புறாவுக்காகத் தொடைச் சதையை அரிந்து கொடுத்தவர். பௌத்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி குறுக்கிட்டு, "புத்தரோட முற்பிறவிகளைச் சொல்ற எங்க ஜாதகக் கதையில சிபி கொடுத்தது ரெண்டு கண்ணையும்" என்றாள். இலங்கையில் 1961இல் மருத்துவர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கம் தொடங்கி, அங்கிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி போனதற்குப் பின்னால் இந்தத் தான உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கையெழுத்துப் போட்டவன் பையன். கதையைத் திருத்தியவள் போடவில்லை. "அவர் ராஜா, தானா கொடுத்தார். வரிசையில நிக்க வச்சு வாங்கினா அது தானமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரவுப்பணி:

செவிலியர் நான். யார், எங்கே என்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.

17 வயதுப் பையன், பெரிய அறுவை சிகிச்சை. குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவு. இரத்தம் ஏற்றக் கூடாது என்பது 1945 முதல் அவர்கள் நிலை. படிக்கும் காலத்தில் ஒரு வழக்கைப் பாடமாகச் சொன்னார்கள்: இங்கிலாந்தில் 1990இல், இரத்தப் புற்றுநோய் வந்த 15 வயதுச் சிறுவன் மறுத்தான், நீதிமன்றம் ஏற்றச் சொன்னது. 18 ஆனதும் அவன் மறுபடி மறுத்து இறந்துபோனான். இவனைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பிள்ளை முதிர்ச்சியோடு புரிந்து முடிவெடுக்கிறதா என்று பார்க்கும் முறைக்கு இங்கிலாந்தின் 1985 கில்லிக் தீர்ப்பைச் சொல்வார்கள். 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை கொடுக்கக் கூடாது என்று கில்லிக் என்ற கத்தோலிக்கத் தாய் வழக்குப் போட்டுத் தோற்றார். அவர் தோற்றதால் வந்த அளவுகோலைத்தான், தன் மதப்படி வாழ நினைக்கிற பிள்ளையும் இன்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மருத்துவர் அவனைத் தனியாகப் பேசவைத்தார். பெற்றோர் வெளியே. அவர்களோடு சபை மூப்பர்கள் இரண்டு பேர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தாலும் அவர்கள் இருப்பது தெரியத்தானே செய்யும். அவன் நிதானமாகப் பேசினான், வசனம் சொன்னான், செத்துப்போகலாம் என்பதையும் அவனே சொன்னான். அது அவனுடைய குரலா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு யோசித்தேன்: ஏற்றிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் இவ்வளவு சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பேனா?

கடைசியில் இரும்புச்சத்து ஊசி, இரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் ஊசி என்று சில வாரம் கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றினார்கள். அறுவையில் சிந்திய அவன் இரத்தத்தையே சுத்தப்படுத்தித் திருப்பிச் செலுத்தும் இயந்திரத்தை அவன் ஏற்றுக்கொண்டான். வெளி இரத்தம் தேவைப்படவில்லை. நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கவில்லை.

வகுப்பறை மூலை:

நன்றி சகோதரி. தனியாகப் பேசும்போது அவன் எதையாவது மாற்றிச் சொன்னானா?

இரவுப்பணி:

இல்லை. ஒன்றே ஒன்று கேட்டான். "நான் வேண்டாம்னு சொல்லியும் நீங்களா ஏத்திட்டா, அது என் பாவமா?" மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.