இந்த வருட வாசிப்பில் மனதை விட்டுப் போகாதது எது?

முள்ளியவளையில் இருந்து:

இந்த வருடம் 13 புத்தகம் முடித்தேன். சொல்ல வந்தது முடிக்காத ஒன்றைப் பற்றி.

வைகாசியில் வவுனியாவுக்குப் போன இடத்தில், பழைய புத்தகக் கட்டு ஒன்றுக்குள் 'நிலக்கிளி' நாவல் கிடந்தது. பாலமனோகரன் எழுதி 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்த அதே பதிப்பு. எங்கள் வன்னிக் கிராமமான தண்ணிமுறிப்பின் கதை, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து விரித்தால் முதல் பக்கத்தில் ஊதா முத்திரை. மல்லாவிப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடம்! பின்னட்டைக்குள் இரவல் தாள் ஒட்டியபடி இருக்கிறது. கடைசித் திகதி 2008.07.11. அதற்குப் பிறகு கோடு போட்ட வெறும் கட்டங்கள். போர் நெருங்க, அடுத்த மாதம் நாங்கள் எல்லோரும் உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்துவிட்டோம்.

அந்தத் திகதிக்குப் பக்கத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவளின் பெயர். புள்ளி வைக்கிற இடத்தில் சின்ன வட்டம் போடுவாள். ரீச்சர் எத்தனை தரம் ஏசியும் விடவில்லை. பெயரில் இரண்டு வட்டம், இரண்டும் அழியாமல் இருக்கின்றன. அவளைப் புதுக்குடியிருப்பு வரை கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

ஒட்டுசுட்டானில் இருந்து:

தங்கச்சி, வாசித்துப் போட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தேன்.

எண்ணிக்கை எனக்கு முக்கியமில்லை. நான் இந்த வருடம் வாசித்தது 'பொன்னியின் செல்வன்' மட்டும்தான். ஐந்து பாகம். காலபோக நெல்லுக்குக் காவல் இருக்கிற பரணில், தலையில் கட்டுகிற லைற்றோடு தை மாதம் தொடங்கினேன். அறுவடை வர நின்றுபோய், திரும்ப மார்கழிக் காவலில்தான் கடைசிப் பாகத்துக்கு வந்தேன். ஆதித்த கரிகாலன் சாகிற கட்டம். அங்கே மாளிகையில் விளக்கு அணைகிறது. அதே நேரம் கீழே வரம்பில் தண்ணீர் சளக் சளக் என்றது. லைற்றை நூர்த்தேன். யானை பரண் காலுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடுகிறது, ஈரப் புல் மணம் மேலே வருகிறது. வெடி கொளுத்தக் கை வரவில்லை. அரை மணி நேரம் இருக்கும், அது தானாகப் போனது.

கொன்றது யார் என்று கதை கடைசிவரை அறுதியாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அது குறையாகத் தெரியலாம். எனக்கு அந்த இருட்டில் அது சரியாகத்தான் பட்டது.

வவுனியாவில் இருந்து:

முதலில் எழுதிய பிள்ளைக்கு. அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்துச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் 22 வருடம் நூலகத்தில் வேலை செய்தவன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்தன. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் பொதுச் சொத்து. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்குப் பழைய நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து ஏற்றுகிறவர்களும் இதை நினைத்துத்தான் செய்கிறார்கள்.

கொடுக்கும்வரை கவனமாக வைத்திரும். கிழிந்த இடத்துக்கு செலோரேப் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகி, எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரியும். மெல்லிய தாளைப் பசை பூசி ஒட்டும், பசை குறைவாக இருக்கட்டும். நனைந்தால் வெயிலில் போடாமல், பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து நிழலில் உலர்த்தும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதையும், எங்கள் மண்ணில் கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். மாரி முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டும். வேப்பிலை வைத்தால் மாதம் ஒரு தரம் மாற்றும், காய்ந்த இலை குப்பைதான்.

என் வாசிப்பு: இந்த வருடம் கண்ணில் கற்றராக் வெட்டினது. பேத்தி வாசிக்க நான் கேட்டேன், அவ்வளவுதான்.

துணுக்காயில் இருந்து:

ஐயா, கறையான் கதை எல்லாம் சரி. ஆனால் கொடுக்கத்தான் வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்து நூல்களை யாரோ தூக்கிக்கொண்டு போய், யாரோ விற்று, அது சுற்றிச் சுழன்று அவளைத் தெரிந்த ஒருத்தியின் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அலுமாரியில் பூட்டி வைத்தால் யார் அந்த வட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள்?

நான் இந்த வருடம் அம்மம்மாவுக்கு அதே 'நிலக்கிளி'யை வாசித்துக் காட்டினேன். தண்ணிமுறிப்பு என்ற சொல் வந்ததும் கையை நீட்டிப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தா. அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. "எங்கட இடத்தையும் அச்சில போட்டிருக்கினமோ?" என்று கேட்டா.

முள்ளியவளையில் இருந்து:

ஐயா, ஏசவில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போதைய நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, "நீரே வாசித்து முடித்துவிட்டுக் கொண்டு வாரும்" என்றார்.

அவள் ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறாள், பாதிக்குக் கொஞ்சம் முன்னால். அதுவரை வாசித்துவிட்டேன். மடிப்புக்குள் நாலு வரியின் தொடக்கம் மறைந்திருக்கிறது. மடிப்பை விரிக்கவில்லை. தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து பின்பக்கமாகத் தெரிகிறது. நேற்று இரண்டு வரி வாசித்தேன்.