எஸ்.என்.ஏ. 76, எஸ்.என்.பி. 74, ஆனால் முகம் நேராகத்தான் இருக்கிறது. எதை நம்புவது?

கேள்வி:
வணக்கம். ஆர்த்தோடான்டிக்ஸில் (பல்சீரமைப்பு) பிஜி முதலாமாண்டு. 19 வயதுப் பெண்ணின் செஃப் (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே), மூன்று முறை ட்ரேஸ் செய்துவிட்டேன். எஸ்.என். கோட்டோடு (மண்டையோட்டின் அடியில் செல்லாவிலிருந்து மூக்கு வேரிலுள்ள நேசியானுக்கு) மேல்தாடையின் கோணம் எஸ்.என்.ஏ. 76°, கீழ்த்தாடையின் கோணம் எஸ்.என்.பி. 74°. ஸ்டைனர் தந்த இயல்பு அளவு 82, 80. இரண்டு தாடையும் பின்வாங்கியிருக்கின்றன என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பக்கவாட்டில் முகம் நேராக, லட்சணமாக இருக்கிறது. முன்பற்களில் லேசான நெரிசல், அவ்வளவுதான். இன்னொரு குழப்பம்: ஒரே கீழ்த்தாடைத் தளம் எஸ்.என். கோட்டோடு 38° காட்டுகிறது, ஃபிராங்ஃபர்ட் தளத்தோடு (காதுத் துளையின் மேல் விளிம்பிலிருந்து கண்குழியின் கீழ் விளிம்புக்கு) 23°தான். ஒன்று நீளமுகம் என்கிறது, மற்றது இல்லை என்கிறது. நாளை கேஸ் டிஸ்கஷன், உதவுங்கள்.

பதில் 1:
தாடையை விடுங்கள், கோட்டைப் பாருங்கள். 38-இல் 23 போனால் 15. அதுதான் உங்கள் ட்ரேசிங்கில் எஸ்.என்.-க்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் உள்ள கோணம். வழக்கமாக 7 அளவில் இருக்கும். ஃபிராங்ஃபர்ட்டின் பின்புள்ளியான போரியானை (வெளிச்செவித் துளையின் மேல் விளிம்பு) எங்கே வைத்தீர்கள்?

கேட்டவர்:
காண்டைல் (கீழ்த்தாடையின் மூட்டு முனை) தலைக்குப் பின்னால், நன்றாக மேலே, சின்னதாகக் கருப்பு வட்டம். அதன் மேல் விளிம்பில்.

பதில் 1:
அது உட்செவித் துளை. நானும் அங்கேதான் பல மாதம் புள்ளி வைத்தேன். வெளிச்செவித் துளை அதற்குக் கீழே, சற்று முன்னால், கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மேல் விளிம்பு ஏறக்குறைய காண்டைல் தலையின் உச்சி மட்டத்தில் வரும். இயர் ராடின் (படமெடுக்கும்போது தலை அசையாமல் காதில் வைக்கும் தண்டு) வெள்ளை வளையத்தையும் நம்பாதீர்கள், அது உண்மையான போரியானிலிருந்து நன்றாகவே விலகியிருக்கலாம். போரியான் 4 மி.மீ. ஏறினாலே தளம் சுமார் 3° சாயும்.

கேட்டவர்:
மாற்றி வரைந்தேன். எஸ்.என்.-க்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் இப்போது 12°. எஃப்.எம்.ஏ. (ஃபிராங்ஃபர்ட்டோடு கீழ்த்தாடைத் தளத்தின் கோணம்) 26.

பதில் 2:
26 சரி, டாக்டர் ட்வீட் சொன்ன இயல்பு அளவான 25-க்குப் பக்கம். மிச்சமிருக்கும் 12 உங்கள் பிழையாகத் தெரியவில்லை. செல்லா தாழ்ந்தோ நேசியான் உயர்ந்தோ இருந்தால் எஸ்.என். கோடே அப்படிச் சாயும். அந்த 5° கூடுதல் எஸ்.என்.-ஐ வைத்து அளக்கும் எல்லாவற்றிலும் ஏறி உட்காரும். திருத்திப் பாருங்கள்: எஸ்.என்.ஏ. 81, எஸ்.என்.பி. 79, கீழ்த்தாடைத் தளம் 33. மூன்றும் இயல்பு.

ஏ.என்.பி. (எஸ்.என்.ஏ.-க்கும் எஸ்.என்.பி.-க்கும் உள்ள வித்தியாசம்) 2 அப்படியே நிற்கும், இரண்டும் சேர்ந்தே நகர்வதால். ஆனால் நேசியானே முன்பின் இருந்தால் அதுவும் ஏமாற்றும். அதற்குத்தான் 1975-இல் ஜேக்கப்சன் விட்ஸ் அளவைத் தந்தார். மேல்தாடையின் ஏ, கீழ்த்தாடையின் பி புள்ளிகளிலிருந்து கடிதளத்துக்குச் (மேல், கீழ்ப் பற்கள் சேரும் தளம்) செங்குத்து போடுங்கள். பெண்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழ வேண்டும்.

ஃபிராங்ஃபர்ட்டும் வேதவாக்கு இல்லை. 1880களில் மானுடவியலாளர்கள் உலர்ந்த மண்டையோடுகளை ஒப்பிட வைத்துக்கொண்ட தளம் அது. அந்தப் பெண்ணை நிற்கவைத்து, எதிரே கண்ணாடியில் தன் கண்ணையே பார்க்கச் சொல்லி ஒரு பக்கவாட்டுப் படம் எடுங்கள். இயல்பான தலைநிலை கிடைத்துவிட்டால் தூக்குநூல் செங்குத்தே போதும், மண்டையோட்டில் ஒரு புள்ளியும் தேவையில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேட்டவர்:
விட்ஸ் 0.5 மி.மீ.! 'தாடைகள் இயல்பு, எஸ்.என். கோடு கூடுதல் சாய்வு' என்று எழுதிவிட்டேன். பழைய ட்ரேசிங்கைக் கிழிக்கவில்லை. தவறான போரியானைச் சிவப்பில் வட்டமிட்டு, புதியதோடு சேர்த்தே நாளை வைக்கிறேன்.