4294967297: மகளுக்குச் சொல்ல ஒரு விளக்கம் வேண்டும்

வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். கொஞ்ச நாளாக 4294967297 என்ற எண்ணை விடாமல் பிடித்திருக்கிறாள். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் எண் இது. இது பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டிவிட்டார்.

641 வகுக்கிறது என்பதைச் சரிபார்ப்பது எளிது. 641 = 5 × 128 + 1, அதோடு 641 = 625 + 16. இந்த இரண்டையும் வைத்தே நிறுவிவிடலாம், அவ்வளவு அழகு! அவள் கேட்பது வேறு: 641-ஐ எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவதிலேயே கிடைத்துவிடுகிறது! 2-இன் அடுக்குகளை அந்தக் காரணியால் வகுத்தால் மீதிகள் 64 படிக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பது வரை புரிகிறது. ஆனால் காரணியில் 1 கழித்தால் 64-ஆல் ஏன் வகுபட வேண்டும்?

பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி தமிழில் யாராவது எழுத முடியுமா? நேரில் சொல்வதானால் இன்னும் நல்லது. ஞாயிறு மதியம் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்கு அவளை அழைத்து வருகிறேன்.