கேம்ரி ஜேபிஎல் சிஸ்டம்: புது ஸ்டீரியோ போட்டாச்சு, சத்தம் வரவில்லை. கம்பெனி ஆம்பைத் தூக்கிவிடலாமா?

எடிசன்வாசி:

வணக்கம் மக்களே. நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வண்டி பழைய டொயோட்டா கேம்ரி, ஸ்பீக்கர் மூடியில் ஜேபிஎல் என்று எழுதியிருக்கும் மாடல். இஞ்சின் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை. ஆனால் போனை ஏசி வென்ட்டில் மாட்டிக்கொண்டு மேப் பார்த்து ஓட்டி அலுத்துவிட்டது. அதனால் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கிற பயனியர் டபுள் டின் (இரட்டை உயர ஸ்டீரியோ) ஒன்று வாங்கி, டொயோட்டாவுக்கு என்று விற்கிற சாதாரண ஹார்னஸை (பிளக்கோடு வரும் வயர்க் கட்டு) அதோடு நிறம் பார்த்து இணைத்து நானே மாட்டினேன்.

திரை எரிகிறது, போன் இணைகிறது, பாட்டு ஓடுவதும் திரையில் தெரிகிறது. ஸ்பீக்கரில் மட்டும் ஒரு முனகல்கூட இல்லை. பவர் வருகிற 10 பின் பிளக் சரியாகப் பொருந்தியது, ஆனால் வண்டிப் பக்கத்திலிருந்து வருகிற இன்னொரு பிளக் எதிலும் சேராமல் தொங்குகிறது.

பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். கம்பெனி ஆம்பை (வண்டியோடு வந்த, ஒலியைப் பெருக்குகிற பெட்டி) கழற்றிவிட்டு நாலு கதவுக்கும் புது வயர் இழுக்க வேண்டும், ஸ்பீக்கரும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அந்தக் காசுக்கு வண்டிக்கு நாலு டயரும் பிரேக்கும் மாற்றிவிடலாம். புது ஸ்டீரியோவிலேயே 50 வாட் × 4 என்று போட்டிருக்கிறதே, அப்புறம் கம்பெனி ஆம்ப் எதற்கு? அதை பைபாஸ் செய்ய எளிய வழி இருக்கிறதா? மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் ஓரளவு வரும்.

மின்வயர்:

கட்டிங் பிளேயரைக் கொஞ்சம் கீழே வையுங்கள் பாஸ். ஸ்டீரியோ கெடவில்லை, ஆம்பும் அனேகமாகக் கெடவில்லை. ஆம்பை எழுப்புகிற வயரும் அதற்குப் பாட்டைக் கொண்டுபோகிற வயர்களும் அந்தத் தொங்குகிற பிளக்கில் இருக்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

சாதாரண கேம்ரியில் ஸ்டீரியோவே நேராக ஸ்பீக்கரை ஓட்டும். ஜேபிஎல் மாடலில் ஸ்டீரியோ சின்ன சிக்னலை மட்டும் முறுக்கிய மெல்லிய வயர் ஜோடிகளில் அனுப்பும், தனியாக உட்கார்ந்திருக்கிற ஆம்ப் அதைப் பெருக்கி, ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எது, கதவு ஸ்பீக்கருக்கு எது என்று பிரித்து, ஈக்வலைசரும் போட்டுத்தான் வெளியே விடும். நீங்கள் வாங்கியது சாதாரண மாடலுக்கான ஹார்னஸ், அதில் இருக்கிற ஸ்பீக்கர் வயர்கள் உங்கள் வண்டியில் எந்த ஸ்பீக்கருக்கும் போய்ச் சேராது.

50 × 4 பற்றி. அது அட்டைப்பெட்டி வாட். வண்டி ஓடும்போது சுமார் 14.4 வோல்ட் இருக்கும். அதை வைத்து 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் (14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுங்கள்) 26 வாட்கூட வராது, அதுவும் எந்த இழப்பும் இல்லாவிட்டால். நிஜத்தில் பெரும்பாலான ஸ்டீரியோக்களில் 15-லிருந்து 22 வாட்தான். நம்பிக்கை இல்லையென்றால் ஸ்டீரியோவின் பின்பக்கம் இருக்கிற ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட், அதிலிருந்து 200 வாட் எப்படி வெளியே வரும்?

அதனால் கம்பெனி ஆம்ப் இருந்துவிட்டுப் போகட்டும். ஜேபிஎல் டொயோட்டாவுக்கென்று தனி அடாப்டர் விற்கிறார்கள். ஒரு முனை வண்டிப் பிளக்கில் போகும், மறுமுனையில் ஆர்சிஏ ஊசிகள் இருக்கும். அவற்றை ஸ்டீரியோவின் பின்னால் இருக்கிற ப்ரீ-அவுட்டில் (பெருக்காத சின்ன சிக்னல் வெளிவருகிற துளை) செருகுங்கள். அப்புறம் ஸ்டீரியோவிலிருந்து வருகிற நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட வயரை அடாப்டரில் அதே நிற வயரோடு சேர்க்க வேண்டும். அதுதான் ரிமோட் வயர், ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்புக்கு 12 வோல்ட் அனுப்பி எழுப்புவது. வெறும் நீலம் என்றால் அனேகமாக ஆன்டெனாவுக்கு, இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். ரேடியோ கேட்கும்போது மட்டும் சத்தம் வருகிறது, யூஎஸ்பிக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டை மாற்றிக் கொடுத்தவர்கள்தான்.

பழையவண்டிப்பிரியன்:

மின்வயர் சொல்வது சரி, ஆனால் அவர் கேட்டது பைபாஸ். ஆம்ப் உண்மையிலேயே செத்துப்போனால் என்ன செய்வது என்று யாராவது சொல்ல வேண்டாமா, பழைய வண்டிகளில் சீட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கி ஆம்ப் போவது சாதாரணமாக நடக்கிறது. எனவே முழுதாகவே எழுதிவிடுகிறேன், இன்று இல்லாவிட்டாலும் யாருக்காவது உதவும்.

கதவு வரை புது வயர் இழுக்கவே தேவையில்லை. ஆம்பிலிருந்து எல்லா ஸ்பீக்கருக்கும் ஏற்கெனவே கம்பெனி வயர் போகிறது, கதவு ரப்பர் குழாய்க்குள் புது வயர் நுழைக்கிற வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வேலை எல்லாம் ஆம்ப் இருக்கிற இடத்தில்தான். ஆம்பைக் கழற்றி, அதன் அவுட்புட் பிளக்கில் எந்த வயர் எந்த ஸ்பீக்கருக்கு என்று வயரிங் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். படம் கிடைக்காவிட்டால் ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஜோடியை ஒரு நொடி தொட்டு எடுங்கள், எந்தக் கதவில் டப் என்று கேட்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கர் கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ், உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ஆம்ப் செருகியிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. ட்வீட்டரில் பேட்டரியைப் பிடித்துக்கொண்டும் நிற்காதீர்கள்.

டேஷ்போர்டிலிருந்து ஆம்ப் வரை 9 வயர் உள்ள ஒரே கேபிள் கிடைக்கிறது: நாலு ஜோடி ஸ்பீக்கருக்கு, ஒன்று ரிமோட்டுக்கு. அதை கார்ப்பெட் அடியில் இழுத்தால் முடிந்தது. சிலர் அதுகூட வேண்டாம் என்று ஆம்பின் உள்வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராக முடிச்சுப் போடுவார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அந்த சிக்னல் வயர் மெல்லியது, போக வர ஆறு மீட்டர் என்றால் ஏறக்குறைய கால் ஓமுக்கு மேல் அதிலேயே போய்விடும். 4 ஓம் ஸ்பீக்கரில் தெரியாது, 2 ஓமில் தெரியும்.

ஸ்டீரியோவிலிருந்து வருகிற மைனஸ் வயர்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள், பாடியில் எர்த்தும் செய்யாதீர்கள். இந்தக் காலத்து ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஆம்ப் வேலை செய்கிறது. எர்த் செய்தால் புகை.

இனி இரண்டு சிக்கல். ஒன்று ஓம். கம்பெனி பிரீமியம் சிஸ்டங்களில் 2 ஓம், அதற்கும் கீழே உள்ள ஸ்பீக்கர்கள் சகஜம். 1983 மாடல் கடிலாக் செவில் போன்ற வண்டிகளில் டெல்கோ-போஸ் முதலில் வந்தபோது ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயும் தனித்தனி ஆம்ப் வைத்திருந்தார்கள், அந்த ஸ்பீக்கர்கள் 1 ஓம் அளவில். நீங்கள் வாங்கியிருக்கிற மாதிரி ஸ்டீரியோ 4-லிருந்து 8 ஓமுக்குச் செய்தது. 2 ஓமைக் கொடுத்தால் கரண்ட் இரட்டிப்பாகும், சத்தம் கூட்டியதும் சூடாகி கட் ஆகும், விடாமல் ஓட்டினால் உள்ளே இருக்கிற சிப் போய்விடும். அதனால் பிளக்கிலேயே மல்டிமீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2-லிருந்து 3.8 வரை காட்டும். 2-க்குக் கீழே காட்டினால் 2 ஓம் ஸ்பீக்கர், ஸ்டீரியோவோடு நேராகக் கோக்கவே வேண்டாம், 2 ஓம் தாங்குகிற சின்ன நாலு சேனல் ஆம்ப் ஒன்றை அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ட்வீட்டர். கம்பெனி ஆம்ப் உள்ளேயே பிரித்து அனுப்பியிருந்தால் ட்வீட்டரில் தாழ்ந்த ஒலியைத் தடுக்கிற கெபாசிட்டர் இருக்காது. முழு சிக்னலையும் அதற்குக் கொடுத்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் கருகும். 4 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட், பிளஸ் மைனஸ் இல்லாத வகைக் கெபாசிட்டர் தொடரில் போட்டால் சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் போகும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் 4,000 வரை இறங்கும், சின்ன ட்வீட்டருக்கு அது அதிகம். மீட்டரில் ட்வீட்டர் ஓப்பன் என்று காட்டினால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், கெபாசிட்டர் ஏற்கெனவே இருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

ஜெர்மன்காரன்:

கேம்ரிக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது பழைய பிஎம்டபிள்யூவைப் பிரித்துவிடக் கூடாது என்பதற்காக. 2001-இல் வந்த 7 சீரிஸிலிருந்து தொடங்கி பல ஜெர்மன் வண்டிகளில் ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் போவது செம்பு வயரே இல்லை, மோஸ்ட் என்கிற கண்ணாடி இழை மாதிரியான பிளாஸ்டிக் ஃபைபர். அதில் வெளிச்சமாகத்தான் பாட்டு போகிறது. ரிமோட் வயர், ஆர்சிஏ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதற்கென்று டிகோடர் பெட்டி வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன மாதிரி ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முழுசாக வேறு ஆம்ப். வளையம் மாதிரி ஒன்றோடொன்று கோத்திருப்பதால் நடுவில் ஒன்றைக் கழற்றினால் மற்றதும் சேர்ந்து நின்றுவிடும்.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஆம்ப் அங்கேதான் இருக்கிறது, மேலே ஒரு பென்சிலும் காய்ந்த பிரெஞ்ச் ஃப்ரையும். அவுட்புட் பிளக்கை எடுத்து அளந்தேன். முன் கதவு இரண்டும் 1.8 காட்டுகிறது, அதனால் பைபாஸ் ஆசையை விட்டுவிட்டேன்.

ஜேபிஎல் அடாப்டர் வர வார இறுதி ஆகும் என்பதால் பொறுக்க முடியாமல் ரிமோட் வயரை மட்டும் சேர்த்து, ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயர்களை ஆம்புக்குப் போகிற வயர்களில் தற்காலிகமாகக் கோத்துப் பார்த்தேன். சத்தம் வந்துவிட்டது! ஆனால் வால்யூம் 3-லேயே காது கிழிகிறது, பாட்டு இல்லாதபோது உஸ்ஸ் என்று இரைச்சல். இது ஆம்ப் கோளாறா?

மின்வயர்:

இல்லை பாஸ். சின்ன சிக்னல் எதிர்பார்க்கிற ஆம்புக்கு ஏற்கெனவே பெருக்கிய சிக்னலைக் கொடுத்தால் அப்படித்தான் இரையும், ஸ்டீரியோ ஆம்பின் சொந்த இரைச்சலையும் சேர்த்து அது மறுபடி பெருக்குகிறது. அதை உடனே கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆம்பின் இன்புட் கெட்டுவிடும். அடாப்டர் வந்ததும் ப்ரீ-அவுட்டிலிருந்து கொடுத்தால் இந்த உஸ் பெரும்பாலும் அடங்கும். அடாப்டரில் கெயின் திருகு (சிக்னல் அளவைக் கூட்டிக் குறைப்பது) இருந்தால் குறைந்த இடத்திலிருந்து தொடங்கி, வால்யூம் முக்கால் பங்கில் சத்தம் உடையாமல் இருக்கிற இடத்தில் விடுங்கள்.

அப்புறமும் இஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கீச்சென்ற சத்தம் வந்தால் எர்த்தைப் பாருங்கள். ஸ்டீரியோவின் கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஏதோ ஒரு திருகில் மாட்டாமல் ஹார்னஸில் வருகிற எர்த்திலேயே சேர்ப்பது நல்லது. டொயோட்டாவில் அது பழுப்பு நிறம்.

இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக் பார்த்திருப்பீர்கள், அது ஏர்பேக்குக்குப் போவது. அடுத்த முறை சீட்டைத் தூக்குவதற்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றி 90 நொடியாவது காத்திருங்கள், டொயோட்டாவே அப்படித்தான் சொல்கிறது. மஞ்சள் பிளக்கைக் கழற்றிவிட்டு இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், அதை அணைக்கத் தனியாக ஒரு அலைச்சல்.

எடிசன்வாசி:

அடாப்டர் போட்டாச்சு. இரைச்சல் போயே போச்சு, பழைய ஸ்டீரியோவைவிடத் தெளிவாகவே இருக்கிறது. கடைக்காரர் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கடைசியாக இரண்டு சந்தேகம். ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யவில்லை. திரைக்கு இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவு சந்து தெரிகிறது.

பழையவண்டிப்பிரியன்:

பட்டன்களுக்கு ஸ்டீயரிங் இன்டர்ஃபேஸ் என்று ஒரு குட்டிப் பெட்டி தனியாக வாங்க வேண்டும். ஒவ்வொரு பட்டனும் ஒரு ரெசிஸ்டன்ஸ், அதைப் படித்து பயனியருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். ஸ்டீரியோவின் பின்னால் வயர்டு ரிமோட் என்று எழுதியிருக்கிற 3.5 மில்லிமீட்டர் ஓட்டையில் செருக வேண்டியது. சந்து வருவதற்குக் காரணம் டொயோட்டா வைத்திருக்கிற ஓட்டை 200 மில்லிமீட்டர் அகலம், மற்ற டபுள் டின் எல்லாம் 178. இரண்டு பக்கமும் ஒட்ட பிளாஸ்டிக் பட்டை ஜோடியாகக் கிடைக்கும், விலை ஒன்றும் இல்லை. குளிரில் டேஷ் மூடியைக் கழற்றாதீர்கள், கிளிப் எல்லாம் படபடவென்று உடையும். ஹீட்டரைப் போட்டு உள்ளே நன்றாகச் சூடான பிறகு தொடுங்கள்.