கார்டு அசல் ஆளிடம் இருக்கிறது, ஆனால் வேறொருவர் அதே எண்ணைத் தட்டி உள்ளே வந்துவிட்டார்

பாயான்_நைட்ஷிப்ட்:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஷிப்ட், குத்தகை ஆட்கள் நிறைய. போன வாரம் இரவில் ஒருவர் கதவில் உள்ள ரீடரில் கார்டைத் தட்டி ஸ்டோர் வரை போய்விட்டார். பதிவில் விழுந்திருப்பது வேறொரு தொழிலாளியின் எண். அவரோ அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், கார்டும் அவரிடமே இருந்தது. ஹோலோகிராம் ஒட்டிப் புது கார்டு அடிக்கலாம் என்கிறது நிர்வாகம். அது போதுமா?

கதவு_ரீடர்:
போதாது அண்ணே. ஹோலோகிராமை ஆள் கண்ணால் பார்க்கலாம், ரீடர் எப்படிப் பார்க்கும்? உங்களுடையது பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டாக இருந்தால், பக்கத்தில் எந்த ரீடரைக் கொண்டுபோனாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும், மறையாக்கம் எதுவும் கிடையாது. அந்த எண்ணை டி5577 வெற்றுக் கார்டில் எழுதச் சில நொடி போதும், அடுக்குமாடி வீட்டுக் கார்டுகளைச் சாவிக் கடையிலேயே இப்படித்தான் நகல் எடுத்துத் தருகிறார்கள். மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகைக்கும் மாறாதீர்கள், அதன் கிரிப்டோ-1 மறையாக்கத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். டெஸ்ஃபயர் ஈவி2, ஈவி3 கார்டுகளைக் கேளுங்கள், அதில் ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் இருக்கிறது. ஆனால் ஒன்று, நல்ல கார்டை விற்றுவிட்டு, ரீடரை அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நீங்கள் கொடுத்த காசு வீண். ரீடர் ஏஇஎஸ் சாவியைச் சரிபார்க்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், அந்தச் சாவியும் உங்கள் கம்பெனி கையில் இருக்கட்டும்.

எச்ஆர்_அக்கா_கேஎல்:
தம்பி சொன்னது சரி, ஆனால் ஆட்களையும் பாருங்கள். எங்கள் இடத்தில் கார்டு தட்டியதும் காவலாளியின் திரையில் படம் பெரிதாக வரும், முகம் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவிடுவார். நகல் கார்டு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் முகத்தை மாற்ற முடியாதே. குத்தகை ஆட்களின் கார்டு, ஒப்பந்தம் முடிகிற தேதியிலேயே தானாகச் செத்துப்போக வேண்டும். வேலையை விட்டவரின் கார்டு மாதக் கணக்கில் உயிரோடிருக்கும் கம்பெனிகளைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

அப்புறம், வருகையாளரிடம் மைகார்டை (அடையாள அட்டையை) வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காவலாளிக்கு அந்த அதிகாரம் இல்லை, பெயரை எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை.

பாயான்_நைட்ஷிப்ட்:
நன்றி. இன்று பார்த்தேன், எல்லாமே 125தான். ரீடர் அத்தனையும் மாற்ற இந்த வருடம் பட்ஜெட் இல்லை. அதுவரை?

கதவு_ரீடர்:
ஸ்டோர், சர்வர் அறை, இந்த இரண்டு கதவை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். மற்ற கதவுகளில் விசைப்பலகை உள்ள ரீடர் இருந்தால் இரவில் ரகசிய எண்ணும் (PIN) கேட்கும்படி வையுங்கள். ஆன்டி பாஸ்பேக் என்ற வசதியை இயக்கிவிட்டால், வெளியே போனதாகப் பதிவாகாத எண்ணை மறுபடி உள்ளே விடாது. அசல் ஆள் வேலையில் இருக்கும்போது நகலோடு வருகிறவன் வாசலிலேயே மாட்டுவான். உங்களுக்கு நடந்ததைப் போல அசல் ஆள் வீட்டில் இருந்தால் அது உதவாது, அதற்கு ஷிப்ட் இல்லாத நேரத்தில் கார்டு வேலை செய்யாதபடி நேர வரம்பு வையுங்கள். அதைச் சாப்ட்வேரிலேயே செய்யலாம், செலவில்லை.